கேள்வி – பதில்: சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு, ஸ்கிரிப்ட் வழியே

கேள்வி: எங்கள் மென்பொருள் பல வெளி லைப்ரரிகளை நம்பியிருக்கிறது. அவற்றின் வரலாறு வெவ்வேறு பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைப்பவை) இருக்கிறது: சில எஸ்விஎன்னில் (சப்வெர்ஷன்), சில மெர்க்யூரியலில், இரண்டு மட்டும் இன்னும் சிவிஎஸ்ஸில். எல்லாவற்றையும் கிட்டுக்குக் கொண்டுவந்து தினமும் இரவில் தானாகப் புதுப்பிக்க வேண்டும். ஸ்கிரிப்டை எங்கிருந்து தொடங்குவது?
— கோவை வாசகர்

பதில்: இழுப்பதையும் மாற்றுவதையும் ஒரே ஸ்கிரிப்டில் போட்டுக் குழப்பாதீர்கள். முதல் ஸ்கிரிப்டின் வேலை, வெளி ரெப்போவின் (கோப்புகளும் வரலாறும் சேர்ந்த களஞ்சியம்) அச்சு அசலான நகலை உங்கள் வட்டில் வைத்திருப்பது. இரண்டாவது ஸ்கிரிப்ட் அந்த நகலை மட்டும் பார்த்து கிட்டாக மாற்றும். மாற்றம் முதல் தடவையே சரியாக வராது. ஆதர் (மாற்றத்தை எழுதியவர்) பட்டியல் தப்பும், பிராஞ்ச் (வளர்ச்சிக் கிளை) பெயர் தப்பும், திரும்பத் திரும்ப ஓட்டுவீர்கள். ஒவ்வொரு தடவையும் ஊரார் சர்வரிலிருந்து முழு வரலாற்றையும் இழுத்தால் நேரமும் போகும், உங்கள் ஐபி முகவரியையும் அவர்கள் அடைத்துவிடுவார்கள். அதில் அவர்கள்மீது குறைசொல்ல முடியாது.

எஸ்விஎன்னுக்கு நகல் எடுக்கும் கருவி எஸ்விஎன்சிங்க். முதலில் ‘எஸ்விஎன்அட்மின் கிரியேட்’ கட்டளையால் வெற்று ரெப்போ ஒன்றை உருவாக்குங்கள். அதன் ஹூக்ஸ் (நிகழ்வுகளின்போது தானாக ஓடும் நிரல்கள்) அடைவில் ப்ரீ-ரெவ்ப்ராப்-சேஞ்ச் என்ற கோப்பை வைத்து, உள்ளே முதல் வரியில் ‘#!/bin/sh’, அடுத்த வரியில் ‘எக்ஸிட் 0’ என்று எழுதி, இயக்கும் அனுமதி கொடுங்கள். இந்த ஹூக் இல்லாவிட்டால் ‘எஸ்விஎன்சிங்க் இனிட்’ முதல் வரியிலேயே நின்றுவிடும். தன் கணக்குவழக்கை 0-வது ரிவிஷனின் (எண்ணிட்ட பதிவு) பண்புகளாக எழுதிவைப்பது அதன் வழக்கம். ஹூக் அனுமதிக்காமல் ரிவிஷன் பண்பை எஸ்விஎன் மாற்றவிடாது. அடுத்து, மூல ரெப்போவின் யுயுஐடியை (அந்த ரெப்போவின் தனி அடையாளம்) ‘எஸ்விஎன் இன்ஃபோ’வில் பார்த்து, ‘எஸ்விஎன்அட்மின் செட்யுயுஐடி’ மூலம் நகலுக்கும் அதையே கொடுத்துவிடுங்கள். இதன் பலன் பின்னால் தெரியும். பிறகு இனிட், அதன்பின் ‘எஸ்விஎன்சிங்க் சிங்க்’. இரவுதோறும் சிங்க் மட்டும் போதும்.

நடுவில் மின்சாரமோ இணைப்போ போனால் மறுநாள் ‘பூட்டு கிடைக்கவில்லை, இன்னார் பிடித்துவைத்திருக்கிறார்’ என்ற பொருளில் பிழை வரும். செத்துப்போன பழைய ஓட்டத்தின் பூட்டு அது. 0-வது ரிவிஷனில் உள்ள எஸ்விஎன்:சிங்க்-லாக் என்ற ரிவிஷன் பண்பை ‘ப்ராப்டெல்’ செய்தால் விலகும். வேறு ஓட்டம் உண்மையிலேயே நடந்துகொண்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு நீக்குங்கள்.

மெர்க்யூரியலுக்கு வேலைக்கோப்புகள் இல்லாத குளோன் ஒன்று, இரவில் ‘ஹெச்ஜி புல்’ (மெர்க்யூரியலின் கட்டளைப் பெயர் ஹெச்ஜி), தீர்ந்தது. சிவிஎஸ்ஸுக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக ‘,வி’ என்று முடியும் மூலக் கோப்புகளே வேண்டும். சாதாரண செக்-அவுட்டில் (வேலைக்கு எடுக்கும் கோப்புகள்) வரலாறு கிடையாது.

இரண்டாவது ஸ்கிரிப்டுக்கு ஒரு அட்டவணைக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு ஒரு திட்டம்: வகை, மூல முகவரி, தொடக்க ரிவிஷன், அடைவு அமைப்பு, ஆதர் கோப்பு, போய்ச் சேரும் கிட் முகவரி. திட்டத்தின் பெயரை ஸ்கிரிப்டுக்குள் ‘இஃப்’ போட்டு எழுதத் தொடங்கினால் ஆறே மாதத்தில் அதை யாராலும் படிக்க முடியாது. ‘எஃப்லாக்’ என்ற பூட்டுக் கட்டளை போட்டு, முந்தின இரவின் ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி செய்யுங்கள். ஒரு திட்டம் விழுந்தால் மற்றவை நிற்கக்கூடாது; விழுந்த திட்டம் அன்று புஷ் ஆகவும் (கிட் முகவரிக்குப் போய்ச் சேரவும்) கூடாது. பைப் போட்டு இரண்டு கட்டளைகளை இணைக்கும் இடங்களில் பாஷ் ஷெல்லின் ‘பைப்ஃபெயில்’ விருப்பம் கட்டாயம். அது இல்லாவிட்டால் பைப்பின் இடதுபக்கம் பாதியில் செத்தாலும், வலதுபக்கம் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ‘வெற்றி’ என்று சொல்லும். ஃபாஸ்ட்-இம்போர்ட்டுக்கு (கட்டளை ஓடையாக வரும் வரலாற்றைக் கிட்டில் ஏற்றும் கருவி) ‘--டன்’ விருப்பத்தையும் கொடுங்கள். ஓடை ‘டன்’ என்ற சொல்லோடு முடியாவிட்டால் அது பிழை என்று நிற்கும்.

கேள்வி: எஸ்விஎன் வரலாற்றைக் கிட்டாக மாற்றும் ‘கிட் எஸ்விஎன்’ ஓடும்போது ‘இந்த ஆதர், கோப்பில் இல்லை’ என்று நின்றுவிடுகிறது. வெளித் திட்டத்துக்காரர்களின் மின்னஞ்சல் முகவரிகளுக்கு நான் எங்கே போவேன்?
— மதுரை வாசகர்

பதில்: எங்கும் போக வேண்டாம், கற்பித்தும் எழுத வேண்டாம். நீங்கள் ஊகித்து எழுதும் முகவரி சம்பந்தமில்லாத ஒருவருடையதாக இருக்கலாம். கமிட்டுக்குள் (பதிந்த மாற்றம்) போன பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. ஆதர் கோப்பே தராவிட்டால் கிட் எஸ்விஎன் லாகின் பெயருக்குப் பின் ‘@’ போட்டு ரெப்போவின் யுயுஐடியைச் சேர்த்துக்கொள்ளும். பார்க்க அழகில்லைதான், ஆனால் பொய்யில்லை. நகலுக்கும் மூல யுயுஐடியையே கொடுக்கச் சொன்னதன் ஒரு பலன் இதுவே: நகலிலிருந்து மாற்றினாலும் மூலத்திலிருந்து மாற்றினாலும் அதே பெயர் வரும்.

திட்டமே தன் பங்களிப்பாளர் பட்டியலை வெளியிட்டிருந்தால் அதைக் கொண்டு கோப்பு எழுதலாம். லாகின் பெயர்களைத் திரட்ட, ‘எஸ்விஎன் லாக்’கை ‘-க்யூ’ போட்டு ஓட்டி, ‘ஆர்’ என்று தொடங்கும் வரிகளில் செங்குத்துக் கோடுகளுக்கு இடையே உள்ள இரண்டாவது புலத்தை ‘ஆக்’ (வரிகளைப் புலங்களாகப் பிரிக்கும் கருவி) கட்டளையால் எடுத்து, ‘சார்ட் -யு’வில் விடுங்கள். கோப்பின் ஒவ்வொரு வரியும் ‘லாகின் = முழுப்பெயர் <முகவரி>’ என்ற வடிவம். ஆதர் இல்லாத கமிட்களுக்காக, அடைப்புக்குறிக்குள் ‘(நோ ஆதர்)’ என்று இருக்கும் பெயருக்கும் ஒரு வரி தேவை. அதை மறந்துவிட்டுத்தான் பாதிப்பேர் நிற்கிறார்கள்.

தினசரி ஓட்டத்தில், புதிதாக ஒருவர் கமிட் செய்தால் இரவு இரண்டு மணிக்கு ஸ்கிரிப்ட் நிற்கும். அதற்கு ‘--ஆதர்ஸ்-ப்ராக்’ உண்டு. கோப்பில் இல்லாத பெயர் வந்தால் நீங்கள் தரும் சிறு நிரலை அந்தப் பெயரோடு அழைக்கும். நிரல் ‘பெயர் <முகவரி>’ என்று ஒரு வரி அச்சிட்டால் போதும். அதே லாகினுக்கு என்றைக்கும் அதே விடை வர வேண்டும் என்பதை மட்டும் காப்பாற்றுங்கள்.

கேள்வி: அபாச்சி எஸ்விஎன்னிலிருந்து ஒரு சிறிய திட்டத்தை கிட் எஸ்விஎன் மூலம் எடுக்கிறேன். ‘மேலே வரும் செய்தியைக் கண்டு பயப்படாதீர்கள், பழைய வரலாற்றைத் தேடுகிறேன்’ என்கிற மாதிரி சொல்லிவிட்டு மணிக்கணக்கில் சும்மா இருக்கிறது.
— சென்னை வாசகர்

பதில்: அபாச்சி அறக்கட்டளையின் திட்டங்கள் ஒரே பெரிய எஸ்விஎன் ரெப்போவில் பங்கு வைத்திருக்கின்றன. ரிவிஷன் எண் பத்து லட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டது. உங்கள் திட்டத்துக்கு மூவாயிரம் கமிட்தான் இருக்கும். ஆனால் கிட் எஸ்விஎன் 1-வது ரிவிஷனிலிருந்து துழாவிக்கொண்டு வருகிறது. ‘எஸ்விஎன் லாக்’கில் அந்தத் திட்டத்தின் மிகப் பழைய ரிவிஷன் எண்ணைப் பார்த்து, ‘-ஆர் அந்த எண்:ஹெட்’ என்று கொடுங்கள். திட்டம் இன்குபேட்டர் (புதுத் திட்டங்கள் தொடங்கும் இடம்) அடைவில் பிறந்து பிறகு இடம்பெயர்ந்திருந்தால், பழைய பாதையின் முதல் எண்ணையே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வரலாறு பாதியில் அறுந்து வரும். இவ்வளவு பெரிய ரெப்போவை முழுதாக நகலெடுக்கவும் முயலாதீர்கள். எஸ்விஎன்சிங்க் உள்ளடைவு முகவரியையும் ஏற்கும். எண்கள் மாறாது, சம்பந்தமில்லாத ரிவிஷன்கள் வெற்றாக வரும். ஆனால் அந்த அடைவுக்கு வெளியிலிருந்து நகலெடுத்து வந்த கோப்புகள் புதிதாகச் சேர்த்தவைபோல ஆகிவிடும்.

நகலிலிருந்து மாற்றும்போது ‘--ரீரைட்-ரூட்’ விருப்பத்தில் மூல முகவரியைக் கொடுங்கள். கமிட் செய்தியின் அடியில் வரும் ‘கிட்-எஸ்விஎன்-ஐடி’ வரியில் உங்கள் வட்டின் பாதை ஏறாமல், அசல் முகவரி ஏறும். இந்த வரி அசிங்கமாக இருக்கிறது என்று ‘--நோ-மெட்டாடேட்டா’ போடுபவர்கள் உண்டு. ஒரே தடவை மாற்றிவிட்டு எஸ்விஎன்னை மூடுவதற்கு மட்டுமே அது சரி. தினசரிப் புதுப்பிப்புக்கு அதைப் போடவே கூடாது.

கேள்வி: மாற்றிய பிறகு டேக்குகள் (வெளியீடுகளுக்கு வைக்கும் பெயர்க் குறிகள்) எல்லாம் பிராஞ்சாக வந்திருக்கின்றன. சில பெயர்களின் கடைசியில் ‘@’ போட்டு ஓர் எண் வேறு.
— திருச்சி வாசகர்

பதில்: எஸ்விஎன்னில் டேக் என்று தனியாக ஒன்று கிடையாது, டேக்ஸ் அடைவுக்குள் ஒரு நகல், அவ்வளவுதான். அதற்குள் யாரும் கமிட் செய்யலாம், செய்தும் இருப்பார்கள். அதனால் கிட் எஸ்விஎன் முன்ஜாக்கிரதையாக அதை ரிமோட் பிராஞ்சாகவே வைக்கிறது. அசல் டேக்காக மாற்றுவது உங்கள் ஸ்கிரிப்டின் வேலை.

‘கிட் ஃபார்-ஈச்-ரெஃப்’ (ரெஃப் என்பது ஒரு கமிட்டைச் சுட்டும் பெயர்) மூலம் ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/ஆரிஜின்/டேக்ஸ் கீழுள்ள ஒவ்வொன்றையும் எடுங்கள். அந்தக் கமிட்டின் ட்ரீ ஹேஷையும் (அதிலுள்ள கோப்புகள் முழுவதற்குமான அடையாளக் குறி) அதன் பெற்றோர் கமிட்டின் ட்ரீ ஹேஷையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் அந்தக் கமிட் வெறும் ‘நகல் எடுத்தேன்’ என்ற பதிவு. டேக்கைப் பெற்றோர்மேல் வையுங்கள், அப்போதுதான் அது ட்ரங்கின் (முதன்மைக் கிளை) வரலாற்றோடு ஒட்டும். வேறானால் டேக் போட்ட பின் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது பல ரிவிஷன்களைக் கலந்து டேக் போட்டிருக்கிறார்கள். அப்போது அந்தக் கமிட்டின் மேலேயே வையுங்கள். வெளியீடாகப் போன பொருள் அதுதான். குறிப்புள்ள டேக் போடுவதானால், கிட் கமிட்டர் டேட் சூழல் மாறியில் பழைய கமிட்டின் தேதியையே கொடுங்கள். கமிட்டரின் பெயரையும் முகவரியையும் நிலையாக வையுங்கள். இல்லையென்றால் ஓட்டும் ஒவ்வொரு தடவையும் டேக்கின் ஹேஷ் மாறும்.

‘@’ உள்ளவை, ஒரு பிராஞ்சை அழித்து அதே பெயரில் மறுபடி உருவாக்கிய இடங்களிலும், அடைவு இடம் மாறிய இடங்களிலும் வருபவை. முதலில் ‘கிட் மெர்ஜ்-பேஸ் --இஸ்-ஆன்செஸ்டர்’ கொண்டு, அது வேறொரு பிராஞ்சின் முன்னோர்தானா என்று பாருங்கள். ஆம் என்றால் விட்டுவிடலாம். இல்லை என்றால் அங்கே வேறெங்கும் இல்லாத கமிட்கள் இருக்கின்றன. ‘பழைய/’ என்ற முன்னொட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

புஷ் செய்யும்போது ‘--மிரர்’ வேண்டாம். ரிமோட்ஸ் கீழுள்ள ரெஃப்கள் அப்படியே போய் உட்காரும். அங்கே உங்கள் குழுவினர் தனியாக வைத்திருக்கும் பிராஞ்சுகள் அழிந்தும் போகும். எந்த ரெஃப் எந்தப் பெயரில் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே எஸ்விஎன்னுக்குள் இருபது திட்டங்கள். ட்ரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் என்ற ஒழுங்கே இல்லை. கிட் எஸ்விஎன் போதுமா?
— சிங்கப்பூர் வாசகர்

பதில்: போதாது. எஸ்விஎன்-ஆல்-ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட் என்ற கருவியை எடுங்கள். கேடிஇ (லினக்ஸ் டெஸ்க்டாப்) திட்டம் தன் பெரிய எஸ்விஎன்னை உடைக்கப் பயன்படுத்தியது. இது இணைய முகவரியை ஏற்காது, உங்கள் வட்டில் உள்ள ரெப்போ வேண்டும்; நகல் எடுத்திருந்தால் கவலையில்லை. விதிக் கோப்பில் முதலில் இருபது கிட் ரெப்போக்களையும் அறிவியுங்கள். பிறகு எந்தப் பாதை எந்த ரெப்போவின் எந்தப் பிராஞ்ச் என்பதை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக (எழுத்து வடிவங்களைப் பொருத்தும் சூத்திரம்) எழுதுங்கள். மேலிருந்து கீழாக, முதலில் பொருந்தும் விதியே வெல்லும். எனவே குறுகிய விதி மேலே, பொதுவான விதி கீழே. அடைவைக் குறிக்கும் பாதை சாய்கோட்டில் முடிய வேண்டும். எந்த விதியிலும் சிக்காத பாதை வந்தால் கருவி நின்றுவிடும். எரிச்சலாக இருந்தாலும் அதுதான் இதன் பலம்: எட்டு வருடங்களுக்கு முன் யாரோ தவறான இடத்தில் போட்ட பிராஞ்ச் உங்கள் கண்ணில் படாமல் போகாது. வேண்டாத பாதைக்கு ரெப்போ பெயர் இல்லாத விதி எழுதினால் விட்டுவிடும். அதைக் கடைசியில் ‘எல்லாவற்றையும்’ என்று எழுதிவைத்தால் மேற்சொன்ன பலம் போச்சு.

இதைவிடச் சிக்கலானதற்கு எரிக் ரேமண்ட் எழுதிய ரெப்போசர்ஜன் இருக்கிறது. 2020 ஜனவரியில் ஜிசிசி கம்பைலர் எஸ்விஎன்னிலிருந்து கிட்டுக்கு வந்தது அதன் வழியாகத்தான். கற்றுக்கொள்ளவே சில வாரங்கள் பிடிக்கும். இருபது திட்டத்துக்கு அது அதிகம்.

கேள்வி: கிட்ஹப் ரெப்போவை எஸ்விஎன் கிளையன்ட்டால் இன்னும் எடுக்க முடியுமா?
— ஈரோடு வாசகர்

பதில்: முடியாது. 2024 ஜனவரி 8 அன்று அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: உள்நாட்டுக் கருவி ஒன்றின் வரலாற்றை மாற்ற, பைத்தானில் நானே ஃபாஸ்ட்-இம்போர்ட் ஓடை எழுதினேன். ஆங்கிலச் செய்தி உள்ள கமிட்கள் நன்றாகப் போகின்றன. தமிழில் செய்தி வந்ததும் ‘ஆதரிக்கப்படாத கட்டளை’ என்று விழுகிறது.
— யாழ்ப்பாண வாசகர்

பதில்: ‘டேட்டா’ என்ற சொல்லுக்குப் பின் நீங்கள் எழுதும் எண் பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு அல்ல. ‘தமிழ்’ என்ற சொல்லைப் பைத்தானின் ‘லென்’ 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. நீங்கள் 5 என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபாஸ்ட்-இம்போர்ட் 5 பைட்டை எடுத்துக்கொண்டு, மீதி 10 பைட்டை அடுத்த கட்டளை என்று நினைக்கிறது. முதலில் பைட்டாக ‘என்கோட்’ செய்து, அதன் நீளத்தை எடுத்து, வெளியீட்டையும் பைட் முறையிலேயே எழுதுங்கள். கோப்புப் பெயர்களுக்கும் இதே எச்சரிக்கை. விழும்போதெல்லாம் கிட் அடைவுக்குள் ‘ஃபாஸ்ட் இம்போர்ட் கிராஷ்’ என்று தொடங்கும் ஒரு கோப்பை விட்டுச் செல்லும். விழுவதற்கு முன் கடைசியாகப் படித்த கட்டளைகள் அதில் இருக்கும்.

கேள்வி: பழைய தமிழ் மென்பொருள் ஒன்றின் சிவிஎஸ் கோப்புகள் கையில் இருக்கின்றன. கமிட் செய்திகள் டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில். சிவிஎஸ்2கிட் என்ற மாற்றும் கருவி அதைக் கண்டுகொள்ளவில்லை.
— சென்னை வாசகர்

பதில்: சிவிஎஸ்2கிட் பைத்தானின் குறியாக்கப் பட்டியலை நம்புகிறது, அதில் டிஸ்கி இல்லை. லினக்ஸின் ஜிலிப்சி லைப்ரரியோடு வரும் ஐகான்வ் (குறியாக்கம் மாற்றும்) கட்டளையில் இருக்கிறது. எனவே இரண்டு படியாகச் செய்யுங்கள். முதல் படியில் குறியாக்க விருப்பங்களாக யுடிஎஃப்-8ஐ முதலிலும் லத்தீன்-1ஐ அதற்கு அடுத்தும் கொடுங்கள். லத்தீன்-1 எந்தப் பைட்டையும் மறுக்காது, இழக்கவும் இழக்காது. செய்தி ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரியும், அவ்வளவுதான். இரண்டாம் படியில், வரலாற்றைத் திருத்தி எழுதும் ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’வின் மெசேஜ்-கால்பேக்கில் ஒவ்வொரு செய்தியையும் யுடிஎஃப்-8இலிருந்து லத்தீன்-1க்குத் திருப்பி, கிடைத்த பைட்டுகளை ஐகான்வ் மூலம் டிஸ்கியிலிருந்து யுடிஎஃப்-8க்கு மாற்றுங்கள். இடையிடையே யூனிகோட் தமிழில் எழுதிய பிற்காலச் செய்திகள் இருந்தால் அவை லத்தீன்-1க்குள் அடங்காமல் பிழை தரும். அந்தப் பிழையைப் பிடித்து, செய்தியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். ஆங்கிலச் செய்திகளுக்கு எந்த மாற்றமும் நேராது. டிஸ்கியின் கீழ்ப்பாதி ஆஸ்கிதான்.

சிவிஎஸ்ஸில் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் தனி வரலாறு. பல கோப்புகளைச் சேர்த்த ‘ஒரு கமிட்’ என்பதே கிடையாது. ஒரே ஆதர், ஒரே செய்தி, நெருங்கிய நேரம் என்று பார்த்துக் கருவிதான் ஊகித்துச் சேர்க்கிறது. அதனால் மூலம் இன்னும் உயிரோடிருந்து, அங்கே யாராவது பழைய டேக்கை நகர்த்தினால், மறுபடி ஓட்டும்போது பழைய கமிட்களும் மாறலாம். சிவிஎஸ்2கிட்டில் தொடர்ச்சியாகப் புதுப்பிக்கும் வசதியும் இல்லை, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதான். எனவே புஷ்ஷில் ‘ஃபோர்ஸ்’ போடாதீர்கள். வரலாறு மாறியிருந்தால் புஷ் மறுக்கப்படும். அந்த மறுப்பே உங்களுக்கு எச்சரிக்கை மணி.

கேள்வி: மெர்க்யூரியலைக் கிட்டாக மாற்றும் ஹெச்ஜி-ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட் இரண்டு வகையாக நிற்கிறது: ‘பெயரில்லாத ஹெட்’, ‘இக்னோர்கேஸ்’.
— சேலம் வாசகர்

பதில்: இரண்டாவது எளிது. மேக்கிலோ விண்டோஸிலோ ஓட்டுகிறீர்கள். புது கிட் ரெப்போவில் கோர்.இக்னோர்கேஸை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மட்டும் மாறிய பெயர்மாற்றங்கள் வெற்றுக் கமிட்டாக வரும். லினக்ஸில் ஓட்டுவது இன்னும் நல்லது.

முதலாவது: மெர்க்யூரியலில் ஒரே பிராஞ்சுக்குள் இரண்டு முனைகள் (ஹெட்) இருக்கலாம், கிட்டில் ஒரு பிராஞ்சுக்கு ஒரு முனைதான். ‘--ஃபோர்ஸ்’ போட்டால் ஓடும். ஆனால் ஒரு முனையின் கமிட்களுக்கு எந்த ரெஃபும் இல்லாமல் போய், ஒருநாள் கிட்டின் குப்பை அகற்றலில் மறையும். உங்கள் நகலில் ‘ஹெச்ஜி ஹெட்ஸ்’ ஓட்டி, ஒவ்வொரு முனைக்கும் ஒரு புக்மார்க் வைத்து, ஹெச்ஜி-கிட் நீட்சி வழியாகக் கிட் ரெப்போவுக்குப் புஷ் செய்யுங்கள். புக்மார்க் ஒவ்வொன்றும் ஒரு பிராஞ்சாகும்.

கேள்வி: மாற்றியது சரிதான் என்று எப்படி உறுதி செய்வது? பிறகு பெயர்களைத் திருத்தலாமா?
— நெல்லை வாசகர்

பதில்: கமிட் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பயனில்லை, அது எப்போதுமே ஒத்துவராது. உள்ளடக்கத்தை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு டேக்கையும், ட்ரங்கில் ஐந்நூறு ரிவிஷனுக்கு ஒன்றையும் ‘எஸ்விஎன் எக்ஸ்போர்ட்’ மூலம் ஓர் அடைவிலும், ‘கிட் ஆர்க்கைவ்’ மூலம் இன்னொன்றிலும் இறக்கி, ‘டிஃப் -ஆர்’ ஓட்டுங்கள். எஸ்விஎன் எண்ணுக்குரிய கிட் கமிட்டை ‘கிட் எஸ்விஎன் ஃபைண்ட்-ரெவ்’ சொல்லும். எக்ஸ்போர்ட்டில் ‘--இக்னோர்-கீவேர்ட்ஸ்’, ‘--இக்னோர்-எக்ஸ்டர்னல்ஸ்’ இரண்டையும் போடுங்கள். முதலாவது இல்லாவிட்டால் டாலர்க்குறிகளுக்கு நடுவே உள்ள ஐடி வரிகள் விரிந்து, நூற்றுக்கணக்கான பொய் வேறுபாடுகள் வரும். இரண்டாவது இல்லாவிட்டால், கிட் எஸ்விஎன் கொண்டுவராத வெளி இணைப்புகளும் எக்ஸ்போர்ட்டில் இறங்கிவிடும். கிட் கோப்புகளை மட்டுமே அறியும், எனவே வெற்று அடைவுகள் ஒருபக்கம் மட்டும் தெரியும். பில்டுக்கு அவை தேவை என்றால் ‘--ப்ரிசர்வ்-எம்ப்டி-டிர்ஸ்’ போட்டு முதலிலிருந்து மாற்ற வேண்டும். இவை போக ஒரு வரி மிஞ்சினாலும் காரணம் தெரியும்வரை வெளியிடாதீர்கள்.

பெயர் திருத்தம் எதுவானாலும் வெளியிடுவதற்கு முன் செய்துவிடுங்கள். ஆதர் பெயர், முகவரி, நேர மண்டலம் எல்லாம் கமிட் ஹேஷுக்குள் போகின்றன. ஆதர் கோப்பில் ஒரு எழுத்தைத் திருத்தி மறுபடி முதலிலிருந்து மாற்றினால், அந்த ஆதரின் முதல் கமிட் தொடங்கி அதன் வழிவந்த அத்தனை ஹேஷும் புதிதாகும். குளோன் எடுத்தவர்கள் எல்லோரும் திண்டாடுவார்கள். நேரத்தை யுடிசியிலேயே விடுங்கள். ‘--லோக்கல்டைம்’ போட்டால் ஓட்டும் கணினியின் மண்டலத்தைப் பொறுத்து ஹேஷ் மாறும். வெளியிட்ட பிறகு பெயர் தவறு தெரிந்தால் ரெப்போவின் வேரில் ‘.மெயில்மேப்’ கோப்பு ஒன்றை வையுங்கள். ‘கிட் லாக்’ திருத்திய பெயரைக் காட்டும், கமிட் அப்படியே இருக்கும்.